சாக்கடை மூடிக்கு யார் கையெழுத்து போடுவது?

எங்கள் ஊர் பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருந்த அண்ணாச்சி ஒருவர் வருடத்துக்கு இரண்டு தடவை சூரத்துக்குப் போவார். நெல்லை எக்ஸ்பிரஸில் மெட்ராஸ், அங்கிருந்து நவஜீவன் எக்ஸ்பிரஸ். போகும்போது ஒரு தோல்பை, வரும்போது லாரி ஆபீஸ் ரசீதுகள். தீபாவளிக்கு முந்திய கொள்முதல்தான் பெரியது. 1994 செப்டம்பரில் அப்படிப் போனவர், நான்கு நாளில் சரக்கு எதுவும் எடுக்காமல் திரும்பி வந்தார். மூக்கைச் சுற்றிக் கைக்குட்டை கட்டியிருந்தார். வீட்டில் அவரை உள்ளே விடவில்லை. மாடியில் தட்டி அடைத்து எட்டு நாள் வைத்திருந்தார்கள். சாப்பாட்டுத் தட்டைப் படிக்கட்டில் வைத்துவிட்டு ஆச்சி கீழே இறங்கிய பிறகுதான் அவர் எடுக்க வேண்டும்.

நாங்கள் சின்னப் பையன்கள். எதிர் மாடியிலிருந்து அவரை வேடிக்கை பார்த்தோம். பிளேக் என்ற சொல்லை அதுவரை சரித்திரப் புத்தகத்தில்தான் பார்த்திருந்தோம்.

அந்த எட்டு நாளைப் பற்றி அண்ணாச்சி பிற்பாடு சிரித்துக்கொண்டே சொல்வார். அவர் சிரிக்காமல் சொல்லும் கதை வேறு ஒன்று. மூன்று வருடம் கழித்து, 1997இல், பயந்து பயந்து மறுபடியும் சூரத்துக்குப் போன கதை. "ஸ்டேஷன விட்டு வெளிய வந்தா எனக்கு ஊரு தெரியல தம்பி. வேற ஊர்ல எறங்கிட்டமோன்னு நெனச்சேன். ராத்திரி ரெண்டு மணிக்கு ரோட்டக் கூட்டுதாங்க. ரெண்டு மணிக்கு! நம்மூர்ல பகல்ல கூட்டச் சொல்லு பாப்போம்."

அதன் பிறகு அவர் கேட்ட கேள்விதான் இந்தக் கட்டுரை. "ஆளு அதே ஆளுதான். ஆபீசும் அதே ஆபீசுதான். அப்புறம் எப்படி?"

*

தமிழர்களுக்கு சூரத் இரண்டு வகையில் பழக்கம். ஒன்று சேலை. இன்னொன்று 1907 டிசம்பர் காங்கிரஸ் மாநாடு. நாற்காலிகள் பறந்து, மிதவாதிகளும் தீவிரவாதிகளும் பிரிந்த அந்த மாநாட்டுக்கு வ.உ.சியும் பாரதியும் தமிழ்நாட்டிலிருந்து போயிருந்தார்கள். அதற்கும் முன்னால் அது முகலாயர்களின் துறைமுகம், கிழக்கிந்தியக் கம்பெனியார் முதலில் கடை விரித்த ஊர், சிவாஜி இரண்டு முறை கொள்ளையிட்ட ஊர். தப்தி ஆற்றங்கரையில் பணம் புரண்ட நகரம்.

1980களில் பணம் மறுபடியும் புரண்டது. விசைத்தறி, செயற்கை இழைத் துணி, ஜரிகை, வைரம் பட்டை தீட்டும் பட்டறைகள். வேலை தேடி சௌராஷ்டிரத்திலிருந்தும் மகாராஷ்டிரத்திலிருந்தும் ஒரிசாவின் கஞ்சம் மாவட்டத்திலிருந்தும் ஆட்கள் வந்து குவிந்தார்கள். 1981இல் எட்டு லட்சத்துக்கும் குறைவாக இருந்த மக்கள்தொகை 1991இல் பதினைந்து லட்சத்தைத் தொட்டது. பத்து வருடத்தில் ஒரு ஊர் இரண்டு ஊராகிவிட்டது. குழாயும் சாக்கடையும் குப்பை வண்டியும் அந்த வேகத்தில் வளரவில்லை. தறிக்கூடத் தொழிலாளிகள் ஒரே அறையை ஷிஃப்ட் முறையில் பங்கிட்டுப் படுத்தார்கள். பகல் ஷிஃப்ட்காரன் எழுந்த பாயில் இரவு ஷிஃப்ட்காரன் படுப்பான். நாள்தோறும் சேரும் குப்பையில் பாதிகூட அள்ளப்படவில்லை.

1994 செப்டம்பரில் தப்தியில் வெள்ளம். தண்ணீர் வடிந்தபோது சேறும் செத்த கால்நடைகளும் தெருவில் கிடந்தன. விநாயகர் ஊர்வலம் முடிந்த கையோடு, வேட் ரோடு பகுதியில் சிலர் காய்ச்சலும் ரத்தம் கலந்த இருமலுமாக ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். ஓரிரு நாளில் சாவு. 'நுரையீரல் பிளேக்' என்ற செய்தி பரவியதும் ஊர் காலியாக ஆரம்பித்தது. சில நாட்களில் வெளியேறியவர்கள் மூன்று லட்சம் என்று ஒரு கணக்கு, ஐந்து லட்சம் என்று இன்னொரு கணக்கு. தனியார் டாக்டர்களே பலர் கிளினிக்கைப் பூட்டிவிட்டு ஓடினார்கள். டெட்ராசைக்ளின் மாத்திரை கடைகளில் தீர்ந்தது. வளைகுடா நாடுகள் இந்தியாவுக்கு விமானம் விடுவதை நிறுத்தின.

நாடு முழுவதும் கணக்கில் வந்த சாவுகள் அறுபதைத் தொடவில்லை. பிளேக்கின் பழைய கணக்குகளோடு பார்த்தால் இது ஒன்றுமே இல்லை. ஆனால் நகரத்தின் மானம் போயிற்று. ஏற்றுமதி ஆர்டர்கள் நின்றன. 'சூரத்திலிருந்து வந்தவன்' என்றால் ரயிலில் பக்கத்தில் உட்கார ஆள் இல்லை. அண்ணாச்சி அதை அனுபவித்தவர்.

*

ஒரு ஊரை நோய் உலுக்கினால் நிர்வாகம் தானாகத் திருந்திவிடும் என்று நாம் நினைக்கிறோம். அப்படித் திருந்தாது என்பதற்கு அதே பம்பாய் மாகாணத்தில், சூரத்துக்குத் தெற்கே, கிட்டத்தட்ட நூறு வருடம் முந்திய ஒரு உதாரணம் இருக்கிறது.

1896இல் பம்பாய் துறைமுகத்தில் பிளேக் தோன்றி, 1897 தொடக்கத்தில் புனேவுக்கு வந்தது. பிப்ரவரியில் கொள்ளை நோய்ச் சட்டம் நிறைவேறியது. கொரோனா காலத்தில் நாம் எல்லோரும் கேள்விப்பட்ட அதே 1897ஆம் வருடச் சட்டம்தான். புனேவில் பிளேக் கமிட்டி ஒன்றை அமைத்து, அதன் தலைவராக வால்டர் சார்லஸ் ராண்ட் என்ற ஐ.சி.எஸ். அதிகாரியை அனுப்பினார்கள்.

ராண்ட் சோம்பேறி இல்லை. அந்தக் காலத்து அறிவின்படி செய்ய வேண்டியதையெல்லாம் செய்தார். வீடு வீடாகச் சோதனை, நோயாளிகளைப் பிரித்துத் தனி ஆஸ்பத்திரி, உடனிருந்தவர்களுக்குத் தனி முகாம், வீட்டுக்குக் கிருமிநாசினி, துணிமணிக்குத் தீ. திட்டம், ஆள், அதிகாரம் எதற்கும் குறைவில்லை. வேகமும் இருந்தது. சோதனைக்கு அனுப்பப்பட்டவர்கள் ராணுவத்தினர். பூட்ஸ் காலோடு பூஜை அறைக்குள் போனார்கள், பெண்களைத் தெருவில் நிறுத்திச் சோதித்தார்கள் என்று புகார்கள் குவிந்தன. நோயாளி இருப்பதைச் சொன்னால் ஆளைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். அதனால் ஜனங்கள் நோயாளிகளை ஒளித்தார்கள், பிணத்தையும் ஒளித்தார்கள். ஒளிக்கப்பட்ட நோயை எந்தக் கமிட்டியால் தடுக்க முடியும்?

ஊருக்கென்று ஒரு நகராட்சி அப்போதே புனேவில் இருந்தது. திலகரே அதில் உறுப்பினராக இருந்தவர். கமிட்டி அதை ஓரம் கட்டிவிட்டது. அதே மார்ச் மாதத்தில், நகரத்துக்கு வெளியே, சாவித்திரிபாய் ஃபுலே நோயாளிகளைத் தன் கையால் பராமரித்து, அந்த நோயிலேயே செத்துப்போனார். ஒரே ஊர், ஒரே மாதம். ஒரு பக்கம் நோயாளியை வெளியே இழுக்கும் படை, இன்னொரு பக்கம் நோயாளி தானாக நாடி வரும் ஒரு கிழவி.

ஜூன் 22ஆம் தேதி இரவு, விக்டோரியா ராணியின் வைரவிழா விருந்து முடிந்து திரும்பிய ராண்டை சாபேகர் சகோதரர்கள் சுட்டார்கள். அவர் பிறகு இறந்துபோனார். திலகருக்கு ராஜத்துரோக வழக்கில் பதினெட்டு மாதம் சிறை. பள்ளிக்கூடத்தில் இந்தக் கதையை விடுதலைப் போராட்டமாக மட்டும் படித்தோம். அதற்குள் ஒரு நகராட்சிச் சேவை தோற்ற கதையும் இருக்கிறது. பிளேக் அந்த வருடக் கடைசியில் புனேவுக்குத் திரும்பி வந்தது. 1898இல் பம்பாயிலும் கலவரம் வெடித்த பிறகு சர்க்கார் மெல்ல வழியை மாற்றிக்கொண்டது. கட்டாயத்தைத் தளர்த்தி, உள்ளூர்ப் பிரமுகர்களையும் தொண்டர்களையும் சேர்த்துக்கொண்டு, ஹாஃப்கினின் தடுப்பூசியை விருப்பப்பட்டவர்களுக்குப் போட்டது. எலித் தெள்ளுதான் நோயைக் கடத்துகிறது என்பதை பால்-லூயி சிமோன் கண்டு சொன்னதும் 1898இல்தான். அதாவது ராண்டின் ஆட்கள் சுவரைக் கழுவிக்கொண்டிருந்தபோது தெள்ளு ஆள் மாறிக்கொண்டிருந்தது.

*

1994க்குத் திரும்புவோம். பிளேக் செப்டம்பரில் வந்தது. சூரத் மாநகராட்சியின் முகம் மாற ஆரம்பித்தது 1995 மே மாதம். இடையில் ஏழு மாதத்துக்கும் மேல். இந்த ஏழு மாதத்தைக் கதை சொல்பவர்கள் வழக்கமாகத் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. பயம் இருந்தது. உலகமே பார்த்துக்கொண்டிருந்தது. அவசரத் துப்புரவு நடந்தது, மருந்துப் பொடி தூவினார்கள், மந்திரிகள் வந்து போனார்கள். பிறகு குப்பை மறுபடி சேர ஆரம்பித்தது. பயம் கதவைத் திறக்கும், அவ்வளவுதான். யாராவது உள்ளே போனால்தான் உண்டு.

மே மாதம் உள்ளே போனவர் எஸ்.ஆர். ராவ் என்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி. மாநகராட்சி ஆணையராகப் பொறுப்பேற்றார். சூரத் மாநகராட்சியின் தலைமை அலுவலகம் முக்லிசரா என்ற இடத்தில் இருக்கிறது. ஷாஜகான் காலத்தில் ஹஜ் யாத்ரீகர்கள் தங்குவதற்காகக் கட்டப்பட்ட சத்திரம் அது. யாத்ரீகர்கள் போய், பிற்பாடு அங்கே கோப்புகள் தங்க ஆரம்பித்தன. ஊரின் எந்த மூலையில் குழாய் உடைந்தாலும் அதற்கான தாள் முக்லிசராவுக்குத்தான் போக வேண்டும்.

பழைய ஏற்பாட்டைக் கொஞ்சம் விளக்கினால்தான் புதியது புரியும். ஒரு தெருவில் சாக்கடை அடைத்துக்கொண்டது என்று வைத்துக்கொள்வோம். சாக்கடை ஒரு துறை. அதன் மேல் கிடக்கும் குப்பை சுகாதாரத் துறை. அடைப்பை எடுக்கத் தோண்ட வேண்டிய சாலை பொறியியல் துறை. சாக்கடையை மறித்துக் கட்டியிருக்கும் கடையின் படிக்கட்டு நகரமைப்புத் துறை. நான்கு துறைக்கும் நான்கு தலைவர்கள், நான்கு வரைபடம். தெருவுக்கு என்று ஒரு ஆள் கிடையாது. எல்லோருக்கும் கொஞ்சம் பொறுப்பு, யாருக்கும் முழுப் பொறுப்பு இல்லை. இது சூரத்தின் தனிக் குறை இல்லை. நம்மூர்களில் பெரும்பாலும் இதே கதைதான்.

ராவ் செய்த முதல் காரியம் நகரத்தை ஆறு மண்டலங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைவரை வைத்தது. வெளியூரிலிருந்து ஆள் கொண்டுவரவில்லை. மாநகராட்சியிலேயே இருந்த மூத்த அதிகாரிகள்தான். அந்த மண்டலத்துக்குள் குப்பை, சாக்கடை, தெருவிளக்கு, ஆக்கிரமிப்பு எல்லாம் அந்த ஒருவர் பாடு. மண்டலம் பிரிப்பது புதிய யோசனை ஒன்றும் இல்லை. எல்லா மாநகராட்சியிலும் மண்டல அலுவலகம் என்று ஒரு போர்டு தொங்கும். சூரத்தில் வேறாக இருந்தது அந்தப் போர்டோடு சேர்ந்து போன அதிகாரம். ஆணையருக்கு இருந்த நிதி அதிகாரத்தில் ஒரு பகுதியை, குறிப்பிட்ட தொகை வரைக்கும், மண்டலத் தலைவர்களுக்கே கொடுத்தார். அந்தத் தொகைக்குள் அடங்கும் வேலைக்கு முக்லிசராவுக்குத் தாள் போக வேண்டியதில்லை. சாக்கடை மூடி உடைந்தால் மண்டலத் தலைவரே கையெழுத்து போட்டு வாங்கலாம்.

அதிகாரத்தைக் கொடுத்தவன் கணக்கும் கேட்க வேண்டும். கேட்டார், தினமும் கேட்டார். காலையில் அதிகாரிகள் எல்லோரும் தெருவில் இருக்க வேண்டும். மத்தியானத்துக்கு மேல் எல்லோரும் ஒன்றாக உட்கார வேண்டும். காலையில் பார்த்தது என்ன, நேற்று சொன்னது நடந்ததா, எந்த மண்டலத்தில் எது தடையாக இருக்கிறது. இன்னொரு துறையால் தடை என்றால் அந்தத் துறைக்காரரும் அதே அறையில்தான் இருப்பார். கடிதம் எழுதிவிட்டுத் தப்பிக்க முடியாது. 'ஏசியிலிருந்து டிசிக்கு' என்று இதற்கு ஒரு பெயரும் வைத்தார்கள். ஏர் கண்டிஷன் அறையிலிருந்து 'டெய்லி சோர்ஸ்', அதாவது அன்றாட வேலைக்கு. மின்சாரத்தில் ஏசி, டிசி என்கிறோமே, அதை வைத்து ஒரு கேலி. சர்க்கார் முழக்கங்கள் பொதுவாக யாருக்கும் நினைவில் நிற்பதில்லை. இது நின்றது. காலை ஏழு மணிக்குச் சேற்றில் நின்ற என்ஜினியருக்கு அதன் அர்த்தம் தெரியும்.

புகாருக்கு அட்டை வந்தது. அவசரப் புகார் என்றால் சிவப்பு அட்டை, 24 மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும். குப்பை போடும் கடைக்கும், சுத்தமில்லாத ஓட்டலுக்கும் அங்கேயே அபராதம். இரண்டாம் முறை என்றால் தொகை ஏறும். முக்கியமான சாலைகளில் இரவிலும் ஒரு முறை கூட்டினார்கள். அண்ணாச்சி பார்த்தது அதைத்தான். குடிசைப் பகுதிகளில் நடைபாதைக்குக் கல் பாவி, கட்டணக் கழிப்பறைகள் கட்டினார்கள்.

ஆக்கிரமிப்பு இடிப்புதான் அபாயமான வேலை. வழக்கமாக அது தள்ளுவண்டியில் ஆரம்பித்துத் தள்ளுவண்டியிலேயே முடியும். சூரத்தில் பெரியவர்களின் கட்டடங்களிலிருந்து ஆரம்பித்தார்கள். அரசியல் செல்வாக்கும் பண பலமும் உள்ளவர்களின் சட்டவிரோதக் கட்டுமானங்கள் முதலில் விழுந்தன. அது ஒரு செய்தி. பெரிய கட்டடமே விழுந்த பிறகு, தன் கடைப் படிக்கட்டைத் தானே இடித்துக்கொள்ளும் வியாபாரிகள் தோன்றினார்கள். அண்ணாச்சிக்குத் துணி கொடுக்கும் மார்வாடி சொன்னாராம்: "மொதல்ல பெரிய ஆளு வீட்ல கை வச்சாரு. அப்பறம் நாங்க என்ன பேச?"

1996இல் 'இன்டாக்' அமைப்பு நாட்டின் இரண்டாவது சுத்தமான நகரம் என்று சூரத்தைச் சொன்னது. முதலிடம் சண்டிகருக்கு. சண்டிகர் வரைபடம் போட்டுக் கட்டிய ஊர். சூரத்தோ இரண்டு வருடம் முன்னால் ஜனம் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிய ஊர்.

*

இந்த மாதிரிக் கதைகள் நம்மிடம் நிறைய உண்டு. ஒரு நல்ல கலெக்டர் வருவார், ஏரியைத் தூர்வாருவார், பத்திரிகைகள் எழுதும். இரண்டு வருடத்தில் மாற்றலாகிப் போவார். ஏரியில் மறுபடி ஆகாயத்தாமரை பூக்கும். ராவும் இரண்டரை வருடத்தில், 1997 கடைசியில், போய்விட்டார். அதன் பிறகு என்ன ஆயிற்று என்பதுதான் பரீட்சை.

2006 ஆகஸ்டில் அந்தப் பரீட்சை வந்தது. உகாய் அணையிலிருந்து திறந்துவிட்ட தண்ணீரில் நகரத்தின் பெரும்பகுதி மூழ்கியது. 1994 வெள்ளத்தை விட மிகப் பெரியது. உயிர்ச் சேதமும் பொருள் சேதமும் பயங்கரம். தண்ணீர் வடிந்தபோது எல்லோர் மனதிலும் 1994தான். மாநகராட்சி ஆட்கள் தெருவில் இறங்கி, வெளியூர்களிலிருந்து வந்த உதவியையும் சேர்த்துக்கொண்டு, சேற்றையும் அழுகலையும் வேகமாக அள்ளினார்கள். அஞ்சியது போலக் கொள்ளை நோய் கிளம்பவில்லை. ராவ் போய் ஒன்பது வருடம் ஆகியிருந்தது. அதற்கும் பிறகு 2023 ஸ்வச் சர்வேக்ஷண் பட்டியலில் இந்தோரோடு சேர்ந்து முதலிடம். விருதுப் பட்டியல்களை நான் பெரிதாக நம்புகிறவன் இல்லை. ஆனால் 1996இல் கிடைத்த இடத்துக்கு இருபத்தேழு வருடம் கழித்தும் ஒரு பட்டியலின் மேல்பக்கத்தில் நிற்பது தற்செயலாக நடக்காது.

அப்படியானால் அண்ணாச்சியின் கேள்விக்கு என்ன பதில்? ஆள் அதே ஆள், ஆபீஸ் அதே ஆபீஸ்.

எனக்குத் தோன்றுகிற முதல் பதில், மாறியது வேலையின் அமைப்பு. ராவின் நல்ல குணங்களை அடுத்தவருக்குக் கொடுக்க முடியாது. ஆறு மண்டலத்தையும், கையெழுத்து அதிகாரத்தையும், மத்தியானக் கூட்டத்தையும் கொடுக்க முடியும். பின்னர் வந்த எஸ். ஜெகதீசன் போன்ற ஆணையர்கள் அந்த ஏற்பாட்டைக் கலைக்காமல் தொடர்ந்தார்கள். 'முந்தினவன் செய்ததை நான் ஏன் செய்ய வேண்டும்' என்று நினைக்காத அடுத்த அதிகாரி கிடைப்பது அதிர்ஷ்டம் மாதிரித் தெரியும். ஆனால் அதற்கும் காரணம் இருக்கிறது. கையெழுத்து அதிகாரம் ருசி கண்ட மண்டலத் தலைவர்கள் ஆறு பேர். அதைத் திருப்பி முக்லிசராவுக்கு எடுத்துக்கொண்டு போவது சுலபமில்லை. சீர்திருத்தத்துக்குள்ளேயே அதைக் காப்பாற்ற ஆறு காவல்காரர்கள் உண்டாகிவிட்டார்கள்.

இரண்டாவது பதில் பணம். இதைப் பாராட்டுக் கட்டுரைகள் அதிகம் பேசுவதில்லை. சூரத் மாநகராட்சிக்கு அப்போது முக்கிய வருமானம் ஆக்ட்ராய். நகருக்குள் நுழையும் சரக்குக்கு வாசலிலேயே வாங்கும் வரி. தறியும் வைரமும் ஓட ஓட மாநகராட்சிக் கஜானாவும் நிறைந்தது. லாரிக்காரர்கள் சபித்த வரிதான். ஆனால் மாநில சர்க்காரின் வாசலில் கை நீட்டாமல் முடிவெடுக்கும் சுதந்திரம் அதிலிருந்து வந்தது. பணமே இல்லாத ஒரு நகராட்சியில் மண்டலத் தலைவருக்குக் கையெழுத்து அதிகாரம் கொடுத்தால் எதில் கையெழுத்து போடுவார்? 2007இல் குஜராத் மாநகராட்சிகளில் ஆக்ட்ராய் எடுக்கப்பட்டு, பதிலுக்கு மாநில அரசு மானியம் கொடுக்கும் ஏற்பாடு வந்தது. அது எவ்வளவு தூரம் ஈடாகும் என்பது உள்ளாட்சி நிதி பேசுகிறவர்களின் தீராத சண்டை. சொந்த வருமானமும் கொடுத்து வாங்கும் மானியமும் ஒன்றில்லை என்பது வீட்டுக்கே தெரிந்த விஷயம்.

மூன்றாவதைச் சொல்ல புனேவையும் சூரத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. இரண்டு இடத்திலும் அதிகாரி கடுமையானவர். இரண்டு இடத்திலும் கட்டாயம் இருந்தது, இடிப்பு இருந்தது. புனேவில் அதிகாரத்தின் கை நோயாளியின் மேல் விழுந்தது, வீட்டுக்குள் நுழைந்தது. சூரத்தில் அது முதலில் அதிகாரியின் மேல் விழுந்தது, அவரை அறையிலிருந்து வெளியே தள்ளியது. அடுத்து பெரிய மனிதர் மேல். அதற்குப் பிறகுதான் சாதாரணக் கடைக்காரர் மேல். இந்த வரிசைதான் ஜனங்களின் நம்பிக்கையைத் தீர்மானித்தது என்று நினைக்கிறேன். காலை ஏழு மணிக்குத் தன் தெருச் சாக்கடையில் ஒரு பெரிய ஆபீசர் நிற்பதைப் பார்த்தவன், அபராதம் போட்டால் முணுமுணுப்பான், ஆனால் கட்டுவான். நோயாளியை ஒளிக்க மாட்டான்.

*

இவ்வளவு சொன்ன பிறகு எனக்கு உறுத்துகிற ஒன்றையும் சொல்ல வேண்டும்.

பிளேக்கைப் பற்றி ஆராய்ந்து கன்ஷ்யாம் ஷா ஒரு புத்தகமே எழுதினார். தென் குஜராத் தொழிலாளர்களை வாழ்நாள் முழுக்கத் தொடர்ந்து எழுதியவர் யான் பிரெமன். இவர்களைப் படித்தால் சூரத் கதையின் இன்னொரு பக்கம் தெரியும். பாயைப் பங்கிட்டுப் படுத்த அந்தத் தறித் தொழிலாளி. அவனுக்கு அந்த நகரத்தில் முகவரி இல்லை, பெரும்பாலும் ஓட்டும் இல்லை. ஊர் அழுக்கானபோது 'வந்தேறிகளால்தான்' என்று அவனைச் சொன்னார்கள். ஊர் சுத்தமானபோது பாராட்டில் அவனுக்குப் பங்கு இல்லை. பெரிய கட்டடங்களோடு குடிசைகளும் இடிபட்டன. இடிபட்ட பெரிய கட்டடக்காரருக்கு இன்னொரு வீடு இருந்தது.

ராத்திரி இரண்டு மணிக்குக் கூட்டியது யார்? அண்ணாச்சி அதைச் சொல்லவில்லை, நானும் அன்று கேட்கவில்லை. அந்த வேலையை எந்தச் சாதி செய்கிறது என்பது இந்தியாவில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய சங்கதி இல்லை. அதிகாரி ஏசியிலிருந்து தெருவுக்கு இறங்கினார், பாராட்டினோம். துப்புரவுத் தொழிலாளி தெருவிலேயேதான் இருந்தார். கூட்டும் நேரம் பகலோடு இரவும் ஆனது. அவர் எங்கே ஏறினார் என்பதற்கு எந்த விருதுப் பட்டியலிலும் ஒரு கட்டம் இல்லை.

இன்னொரு உறுத்தல். மாநகராட்சி ஆணையர் மாநில அரசு அனுப்புகிற ஆள். மேயரும் கவுன்சிலர்களும்தான் ஊர் தேர்ந்தெடுத்த ஆட்கள். உள்ளாட்சிகளுக்கு அதிகாரம் தரும் 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம் நடைமுறைக்கு வந்தது 1993 ஜூனில், பிளேக்குக்கு ஒரு வருடம் முன்னால். அப்படியிருந்தும் நாம் கொண்டாடுகிற நகராட்சிக் கதைகளில் பெரும்பாலும் நாயகன் ஐ.ஏ.எஸ். அதிகாரியாக இருக்கிறார். கவுன்சிலர் நாயகனாக வரும் கதையை எண்ணிப் பாருங்கள், ஒரு கை விரல் போதும். குற்றம் கவுன்சிலர்கள் மேல் மட்டும் இல்லை. கையெழுத்து அதிகாரம் இல்லாத ஆளிடம் நாம் தெருவிளக்கைக் கேட்கிறோம். அவரும் 'சொல்லியிருக்கேன்' என்கிறார். உண்மையிலேயே சொல்லத்தான் முடியும். ராவ் தன் அதிகாரத்தை ஆறு அதிகாரிகளுக்குப் பகிர்ந்தார். அதற்கு அடுத்த படியான வார்டுக்கு அது இறங்கவில்லை. சூரத்தில் மட்டுமா, எந்த ஊரில் இறங்கியது?

*

அண்ணாச்சி இப்போது இல்லை. கடையை அவர் மகன் நடத்துகிறார். சூரத்துக்குப் போக வேண்டியதில்லை, செல்போனில் சேலையைப் பார்த்து ஆர்டர் போட்டுவிடுகிறார்.

போன மழையில் அந்தக் கடை வாசலில் சாக்கடை மூடி உடைந்துபோனது. யாரும் விழுந்துவிடக் கூடாதென்று அவர் ஒரு பழைய நாற்காலியைத் தலைகீழாகக் கவிழ்த்து, அதன் காலில் சிவப்புச் சேலைத் துண்டு ஒன்றைக் கட்டி வைத்திருந்தார். புகார் கொடுத்துவிட்டாராம், ஆன்லைனில். ரசீது எண்ணும் வந்துவிட்டது. பதினேழு நாள் கழித்து 'தீர்வு காணப்பட்டது' என்று குறுஞ்செய்தியும் வந்துவிட்டது. நாற்காலி மட்டும் அங்கேயே இருந்தது.

விசாரித்ததில் கிடைத்தது இது. மூடி கோடவுனில் இருக்கிறது. எடுத்துவர வண்டிக்கு உத்தரவு வேண்டும். உத்தரவுக்கு மதிப்பீடு வேண்டும். மதிப்பீடு போட்ட ஆள் மாற்றலாகிவிட்டார். வந்து பார்த்த ஊழியர் நல்ல மனிதர். டீ வாங்கிக் கொடுத்தோம், மறுக்கவில்லை.

"நான் என்ன சார் செய்ய? என் கையில ஒண்ணுமில்ல. கையெழுத்து அங்கேருந்து வரணும்" என்றார்.

"அங்கேருந்துன்னா எங்கேருந்து?"

கையை மேலே காட்டினார். மழை மறுபடியும் தூற ஆரம்பித்திருந்தது. நாற்காலியைச் சுற்றிப் போகச் சொல்லி, பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகளை நாங்கள் ஒவ்வொருவராகக் கடத்திவிட்டோம்.